வெந்த கடலை முளைத்த பாத்தி

அனுப்புநர்
சூ. அமலராணி,
அங்கன்வாடிப் பணியாளர்,
தண்ணீர்த் தொட்டித் தெரு மையம்,
பாலக்கரை, திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
சிறார் காய்கறித் தோட்டத் திட்டம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் எங்கள் மையக் குழந்தைகளுக்கு ஒதுக்கிய மேற்குப் பாத்தியைத் ‘தரிசு’ என்று காட்டி ரத்து செய்து, கிழக்குப் பாத்தியை வைத்திருக்கும் தனியார் நர்சரிப் பள்ளிக்கே சேர்த்துக் கொடுக்கவிருப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் மையக் கதவில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

அறிவிப்பைப் படித்தவுடனேயே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்போது எழுதியிருந்தால் அது மனுவாக இருந்திருக்காது. பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தூங்கவைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு இப்போது எழுதுகிறேன். ஆகவே கீழ்க்கண்டவற்றை நிதானத்தில் எழுதியவையாகவே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எங்கள் மையத்தை ஊரில் யாரும் அங்கன்வாடி என்று சொல்வதில்லை. பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். என்னை டீச்சர் என்றும், உதவியாளர் வீரம்மாளை ஆயா என்றும் கூப்பிடுகிறார்கள். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். அம்மா தையலுக்கோ கடை வேலைக்கோ போயிருப்பார். அப்பா குவைத்தில் இருப்பார், இல்லையென்றால் காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார். ஒரு கயிற்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாகப் பிடிக்கச் சொல்லி, முன்னால் நானும் பின்னால் வீரம்மாளுமாகத் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிப் போகிறோம். வழியில் நாய் வந்தால் கயிறு முழுவதும் என் காலைச் சுற்றிக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டுப் போய்வருகிற இடத்தைத்தான் தங்கள் அறிவிப்பு ‘பயன்படுத்தப்படாத நிலம்’ என்கிறது.

2. பாத்தி ஒதுக்கியபோதே ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைத்தாயிற்று என்பதை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். வளாகத்தின் நடுவில் தூண்களின்மேல் தொட்டி நிற்கிறது. அதன் அடியில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டு, கிழக்கு அவர்களுக்கு, மேற்கு எங்களுக்கு என்று பிரித்தார்கள். காலையில் தொட்டியின் நிழல் முழுவதும் எங்கள் பக்கம் படுத்துக்கொள்கிறது. சாயங்கால வெயிலை மேற்கே ஒட்டியிருக்கும் கல்யாண மண்டபத்துச் சுவர் வாங்கிக்கொள்கிறது. கோட்டை ஒட்டிய ஒரு நீள்துண்டில் மட்டும்தான் உச்சி வெயில் விழும். தண்ணீர்க் குழாய் கிழக்கில். எங்கள் பிள்ளைகள் ஒரு குவளைத் தண்ணீருக்கு அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். சூரியனைத் தங்கள் அலுவலகம் ஒதுக்கீடு செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். குழாயைச் செய்திருக்கலாம்.

3. அந்த நர்சரிப் பள்ளியின் பெயரை இம்மனுவில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பாத்தியில் நட்டிருக்கும் போர்டே போதுமான அளவு பெரிதாக இருக்கிறது. பள்ளி இருப்பது ஸ்ரீரங்கத்தில். அங்கே இடம் கிடைக்கவில்லையாம். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஏ.சி. வேனில் வந்து இறங்குகிறார்கள். இறங்கும்போதே ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஓலைத் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். கையில் நிஜ இரும்பில் செய்த குட்டி மண்வெட்டி. எங்களுக்குத் திட்டத்திலிருந்து வந்தது பிளாஸ்டிக் மண்வெட்டி. முதல் நாளே ஹாலித் என்கிற பிள்ளை அதை உடைத்துவிட்டு, எனக்குத் தெரியாமல் மண்ணுக்குள் புதைத்துவிட்டான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. கிழக்கே அந்தப் பிள்ளைகள் வெட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவனும் ஓங்கி வெட்டினான்.

4. ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். நாங்களும் தேடினோம். பாத்தி ஒதுக்கிய உத்தரவிலேயே, விதைப் பொட்டலங்கள் திட்டத்திலிருந்து எல்லாருக்கும் வழங்கப்படும் என்று எழுதியிருந்தது. ஆடி போயிற்று, ஆவணியும் பிறந்துவிட்டது. மன்னார்புரத்தில் பஸ் மாறித் தங்கள் அலுவலகத்துக்கு நேரிலேயே வந்தேன். ஒவ்வொரு முறையும் “வந்துடும்மா, வந்துடும், சாங்ஷன் ஆயிடுச்சு” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பொறுக்க முடியாமல் என் வீட்டிலிருந்து கீரை விதை கொண்டுவந்து பிள்ளைகளை விட்டுத் தூவச் சொன்னேன். முளைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், முளைத்தது. தொட்டி நிழலில் வெளுத்துப்போய், நூல் நூலாக நீண்டு, ஒரு காற்றுக்குத் தாங்காமல் அப்படியே படுத்துவிட்டது. பிள்ளைகள் அது தூங்குகிறது என்று சொல்லி, சத்தம் போடாமல் சுற்றி நின்றார்கள். கிழக்கே அதே நாளில் அவரைக் கொடி பந்தலில் ஏறிவிட்டது.

5. இனி ஃபெமினா என்பவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்த நர்சரியில் ஆசிரியை. வயதில் என் மகள் மாதிரி. எங்கள் பங்குத் தேவாலயத்தில்தான் பூசை பார்க்கிறார், பாடற்குழுவில் முன் வரிசையில் நிற்கிறார், எனக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் போனதில்லை. அவர்மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்று எழுதினால் தாங்கள் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். அவர் செடிக்குத் தண்ணீர் விடும்போது பாடுகிறார். செடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மண்புழுவைக் கையில் எடுத்து, அதற்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார். எங்கள் பிள்ளைகள் தண்ணீருக்குப் போனால் குவளையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவர் கன்னத்திலும் ஒரு சொட்டு வைத்து அனுப்புகிறார். அதன் பிறகு ஒரு குவளைத் தண்ணீருக்கு என் பிள்ளைகள் ஒன்பது தடவை போகிறார்கள்.

தண்ணீர் தாகம் இல்லை ஐயா அது. எனக்குத் தெரியாதா?

கோட்டின்மேல் பாதம் படாமல் வரிசையாக நின்று கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் வெறும் மண். நான் கதை சொல்கிறேன் வாருங்கள் என்றால், “இருங்க மிஸ்” என்கிறார்கள். எங்கள் மையத்தில் மிஸ் என்ற வார்த்தையே கிடையாது. நான் டீச்சர். இன்ஷா என்ற பெண் குழந்தை, நடக்கத் தெரியாத நாளிலிருந்து என் மடியில் உட்கார்ந்து சத்துமாவு உருண்டை தின்றவள், முதலில் என்னை மிஸ் என்று கூப்பிட்டவள் அவள்தான்.

6. எங்கள் மையத்தில் சுண்டல் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. கொண்டைக்கடலையை வேகவைத்து, உப்புப் போட்டு, பிள்ளைகளின் கையிலேயே கொடுப்போம். அன்று எல்லாப் பிள்ளைகளும் சமர்த்தாக வாங்கிக்கொண்டார்கள். வாயில் யாரும் போடவில்லை. மூடிய கையோடு கயிற்றைப் பிடித்து நடந்தார்கள். எனக்கு விளங்கவில்லை. தோட்டத்துக்குப் போனதும் இன்ஷா முன்னால் நின்று, விரலால் குழி போட்டு, தன் கடலையை வைத்து மூடினாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கிழக்கே விதை போடுவதைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. விதை எங்களுக்கு வராது என்பது பெரியவர்கள் பேச்சிலிருந்து அவர்களுக்குப் புரிந்துவிட்டிருக்கிறது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டார்கள். ஹாலித் மட்டும் அதற்கும் ஒரு படி மேலே போய், முந்தைய நாள் கொடுத்த அவித்த முட்டையில் பாதியைச் சட்டைப் பையில் வைத்திருந்து, தொட்டித் தூண் ஓரமாகப் புதைத்தான். சட்டைப் பை என்ன கதி ஆனது என்று வீரம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

வெந்தது முளைக்காது. இதைச் சொல்ல ஆசிரியப் பயிற்சி தேவையில்லை. வீரம்மாள் என் காதோடு, “டீச்சர், சொல்லிடுங்க. ஏமாந்து போகும் பிள்ளைங்க” என்றார். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மண் ஒட்டிய கைகளோடு அத்தனை பேரும் முதல் தடவையாகக் கிழக்கைப் பார்க்காமல் எங்கள் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அது தவறென்றால் துறை நடவடிக்கைக்கு உட்படுகிறேன்.

அன்றிலிருந்து தினமும் தண்ணீர். காலை எழுந்ததும் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று வீட்டில் அழுது, பல் தேய்க்காமலே மையத்துக்கு வந்து நின்ற பிள்ளைகளும் உண்டு. ஜுரம் என்று லீவு எடுப்பதே நின்றுபோயிற்று. எறும்பு வந்தது, காகம் வந்தது. அதையும் விரட்டிவிட்டு ஊற்றினார்கள்.

7. தங்கள் களப் பார்வையாளர் வந்தது இந்த நாட்களில்தான். நிழலில் நின்று பார்த்தார். வெறும் மண்ணில் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுவதைக் கண்டு, “என்ன பாப்பா ஊத்துறீங்க, ஒண்ணையும் காணோமே?” என்று கேட்டார். இன்ஷா, “கடலை சார். உள்ளே இருக்கு, சத்தம் போடாதீங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நல்ல மனிதர், சிரித்த முகத்தோடுதான் எழுதினார். ஆனால் அறிவிப்பில் வந்திருப்பது, ‘சாகுபடி ஏதுமற்ற நிலத்தில் குடிநீர் விரயம்’ என்பது. ஐயா, அந்தக் குடிநீரை என் பிள்ளைகள் ஒவ்வொரு குவளையாகக் கேட்டு வாங்கி, பாதியைச் சட்டையில் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். அதற்கு விரயம் என்று தங்கள் துறையில் பெயர் இருக்குமானால், எங்கள் துறையில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

8. அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் போய் நின்றபோது, கோட்டை ஒட்டி வெயில் விழும் அந்த நீள்துண்டில் வரிசையாக வெண்டைச் செடிகள் நின்றன. முழம் உயரம். தூண் ஓரமாக, ஹாலித் முட்டை புதைத்த அதே இடத்தில், ஒரு கத்தரிச் செடி.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கல்யாண மண்டபத்து வாட்ச்மேன் ஓடி வந்தார். “டீச்சர், கடலை முளைச்சிடுச்சு!” என்றார்கள். கடலை போட்ட இடத்தில் வெண்டை ஏன் வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ஹாலித் கத்தரிச் செடியின் முன் குந்தி உட்கார்ந்து, இதில் முட்டை முட்டையாகத்தான் காய்க்கும், எனக்குத் தெரியும் என்று எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அது வெள்ளைக் கத்தரி.

நான் என்ன நினைத்தேன் என்றால், தங்கள் அலுவலகம்தான் மனமிரங்கிக் கன்றுகளை அனுப்பிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் தொலைபேசியில் நன்றியும் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் முதலில் “பரவாயில்லம்மா” என்று சொல்லிவிட்டு, பிறகு எதற்கு நன்றி என்று கேட்டார். போனை வைத்துவிட்டு மறுபடியும் பாத்தியைப் பார்த்தேன். ஒவ்வொரு செடியும் சாயாமல் குச்சியில் ரோஸ் நிறக் கம்பளி நூலால் கட்டியிருந்தது. கிழக்கே அவரைப் பந்தலிலும் அதே ரோஸ் நூல், அதே முடிச்சு.

9. வீரம்மாளின் வீடு வளாகத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபெமினா பூசைக்கு உடுத்திய புடவையோடு வந்து, ஒரு அன்னக்கூடையில் பிளாஸ்டிக் கவரில் வளர்த்த கன்றுகளை வைத்துக்கொண்டு நட்டதை வீரம்மாள் பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. நான் பிடித்துக் கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டினார். வீரம்மாள் அப்போதே நேராகப் போய், “ஏம்மா, எங்க பாத்தியில நீ ஏன் நடுறே?” என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், “எங்க கரெஸ்பாண்டன்ட் உங்க பாத்தியையும் கேட்டு எழுதிட்டாரு ஆயா. செடி நின்னுச்சுன்னா எடுக்க மாட்டாங்கல்ல? டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க” என்று சொன்னாராம்.

முட்டைச் சங்கதி அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹாலித் தண்ணீர் வாங்கப் போனபோது அவர் காதில் ரகசியமாகச் சொல்லியிருக்கிறான். என்னிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை.

(இந்த ஒன்பதாம் பத்தியின் நகல் எக்காரணம் கொண்டும் அந்தப் பள்ளி நிர்வாகத்துக்கு அனுப்பப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வரும். வந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.)

10. ஐயா, மனுவில் எழுதக் கூடாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், நிஜமாகவே எரிகிறது. அவர்களுடைய வேனைப் பார்த்து எரியவில்லை. தொப்பி, பூட்ஸ், போர்டு, குழாய், வெயில், எதுவும் பெரிதில்லை. அவற்றைப் பற்றி நான் இரண்டாம், மூன்றாம் பத்திகளில் எழுதியதைத் தாங்கள் வேண்டுமானால் அடித்துவிடலாம். முட்டை புதைத்த இடத்தில் வெள்ளைக் கத்தரி நட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அது எனக்குத் தோன்றவில்லை. வெந்தது முளைக்காது என்று சொல்வதா வேண்டாமா என்று நான் தூக்கம் கெட்டுப் புரண்டுகொண்டிருந்தேன். அவர் முளைக்கவே வைத்துவிட்டார். மூக்கு ஒழுகினால் துடைப்பது நான். காலில் முள் குத்தினால் எடுப்பது நான். யாருக்கு முட்டை ஆகாது, யாருக்குத் தூக்கத்தில் அழுகை வரும், எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு கத்தரிச் செடி நட எனக்குத் தெரியவில்லை.

வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. கோவில் வாசலில் அவர் ஸ்தோத்திரம் சொன்னபோது நான் குடையை விரிப்பதுபோல் பாவனை செய்து திரும்பிக்கொண்டேன். அன்று மழை இல்லை. வீரம்மாள் இதைப் பார்த்துவிட்டு, “ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு நீங்கதானே டீச்சர் எப்பவும் சொல்லுவீங்க, இப்ப ஊட்டினது அவங்கன்னா மட்டும் கசக்குதா?” என்று கேட்டார். கசக்கத்தான் செய்கிறது என்று சொன்னேன்.

இதில் இன்னொன்று. இன்ஷாவின் தாயார் நஜீமா தன் மகளை அந்த நர்சரியில் சேர்த்துவிடலாம் என்று இருந்தார். வேன் வாசலுக்கே வரும், தோட்டம் எல்லாம் இருக்கிறது, நீங்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தார். செடிகள் வந்த பிறகு பாத்தியை வந்து பார்த்தார். “இவ இனிமே எங்கேயும் வர மாட்டேங்குறா டீச்சர். கடலை இங்கதானே போட்டா. இங்கயே இருக்கட்டும்” என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. யார் நட்ட செடியால் இன்ஷா என்னிடம் தங்கினாள் என்று நினைத்தபோது, அந்த அழுகையே வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் இப்போது என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எங்கள் டீச்சர் கொடுத்த சுண்டலால்தான் செடி வந்தது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் மறந்துவிடுகிறது.

11. ஆகவே அறிவிப்புக்கு என்னுடைய பதில் பின்வருமாறு. மேற்படி பாத்தி தரிசு இல்லை. களப் பார்வையாளர் வந்த நாளில் பயிர் இல்லை என்பது மெய். இன்று போய்ப் பார்த்தால் வெண்டை பூத்து, சில செடிகளில் விரல் நீளத்துக்குப் பிஞ்சும் இறங்கியிருக்கிறது. இந்தச் செடிகளை நட்டது நாங்கள் இல்லை என்பதால் அது எங்கள் சாகுபடி ஆகாது என்று அலுவலகம் சொல்லுமானால், ஒன்று கேட்கிறேன். நட்ட நாளிலிருந்து தண்ணீர் ஊற்றியது யார்? ஆட்டைத் துரத்தியது யார்? பிஞ்சைப் பறித்துவிடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செடிக்கு முன்னால் நிற்பது யார்? அதுவும் மூன்று வயதில். பெரியவர்களால் முடியாது ஐயா. வீரம்மாள் சாம்பாருக்கு என்று ஒன்றைப் பறிக்கப் போய், அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து அழுது, கை வைக்காமல் திரும்பிவிட்டார்.

பாத்தியை எடுத்துக்கொண்டால் இவர்களுக்கு நான் என்ன சொல்வேன் என்று தாங்களே சொல்லித் தர வேண்டும். பக்கத்துப் பாத்திப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னால், நாமும் அங்கேயே போய்விடலாம் டீச்சர் என்றுதான் இன்ஷா சொல்வாள். குழந்தை சொல்வதில் தப்பே இருக்காது. எனக்குத்தான் அதைக் கேட்கத் தெம்பு இல்லை.

12. எனவே தங்களிடம் நான் வேண்டுவன:

(அ) ரத்து அறிவிப்பைத் திரும்பப் பெற்று, மேற்குப் பாத்தி தண்ணீர்த் தொட்டித் தெரு மையத்துக்கே உரியது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். களப் பார்வையாளரை மறுபடியும் அனுப்புங்கள். பிள்ளைகள் காட்டுவார்கள்.

(ஆ) உத்தரவில் கண்டபடி விதைகளை இனியாவது அனுப்ப வேண்டும். அடுத்த தடவை என் பிள்ளைகள் விதைப்பது முளைக்கிற விதையாக இருக்க வேண்டும். அது நான் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

(இ) எங்கள் பக்கமும் ஒரு குழாய். இதற்குக் காரணம் ஐந்தாம் பத்தியில் எழுதிவிட்டேன். மறுபடி எழுதக் கூச்சமாக இருக்கிறது.

(ஈ) இது கடைசி வேண்டுகோள். மேலே உள்ள மூன்றும் சட்டப்படி கேட்பவை. இது அப்படி இல்லை. முதல் காயை வருகிற செவ்வாய்க்கிழமை பறிப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். வேறெதற்கும் தாங்கள் இசையாவிட்டாலும், அந்த நாள் வரையில் பாத்தியைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும். அன்று காலை மட்டும் அந்த நர்சரிப் பள்ளியின் வேன் வளாகத்துக்கு வர வேண்டாம் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். பராமரிப்புப் பணி என்று காரணம் காட்டிக்கொள்ளலாம். ஃபெமினா நட்ட செடி. காய் அவர் கையில் சேர வேண்டியதுதான். அதை நானே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொள்கிறேன். அவர் அங்கே நின்றால் பிள்ளைகள் முதல் காயைப் பறித்த கையோடு யாரிடம் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. ஒரே ஒரு காலை அவர்கள் என்னிடம் ஓடி வரட்டும் ஐயா.

ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையோடு, பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் நேரம் ஆகிவிட்டதால் இத்துடன் முடிக்கிறேன்.

இடம்: பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
நாள்: 09.10.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
சூ. அமலராணி
டீச்சர்